புதிய கருவியும் பழைய மனமும்



தம்ம வழி நிற்கும் உபாசக உபாசிகைகளே, இளைஞர்களே,

இன்று நாம் ஆராயப் புகும் பொருள் உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஒரு தொழிற்கூடத்திலே பழைய கணக்கு முறையை நீக்கிவிட்டுப் புதிய கணிப்பொறி மென்பொருளை ஒரு குறித்த நாளில் நடைமுறைக்குக் கொண்டுவருகின்றார்கள். அந்நாள் நெருங்க நெருங்க அங்கு உழைப்போரின் உள்ளம் படும் பாடு யாது, அதற்குப் புத்தபிரான் காட்டிய மருந்து யாது என்பதே அப்பொருள். தம்மத்துக்கும் கணக்குப் பேரேட்டுக்கும் என்ன உறவு என்று கேட்கலாகாது. துக்கம் எங்கே உண்டோ அங்கே தம்மத்துக்கு வேலை உண்டு. வைத்தியன் நோயாளி கிடக்கும் இடத்தைத் தேடிச் செல்வான். நோயாளி மண்டபத்தில் கிடக்கின்றானா, மாட்டுக்கொட்டிலில் கிடக்கின்றானா என்று பாரான்.

ஐதராபாத்தின் வடகிழக்கே உள்ள குஷாய்குடாவைப் பாருங்கள். அதன் அருகே 1967-ஆம் ஆண்டில் இந்திய மின்னணுக் கழகம் நிறுவப்பட்டது. நம் நாட்டிலேயே உருவான டி.டி.சி.-12 என்னும் கணிப்பொறி 1969-ல் அக்கழகத்திலிருந்து வெளிவந்தது. அந்தப் பெரிய ஆலமரத்தின் நிழலிலே, குஷாய்குடாவிலும் சேர்லப்பள்ளியிலும் நாச்சாரத்திலும் எத்தனையோ சிறு தொழிற்கூடங்கள் முளைத்தன. கடைசல் பிடிப்போர், வார்ப்பு வேலை செய்வோர், துளையிடுவோர் என ஆயிரமாயிரம் குடும்பங்கள் அங்கே பிழைக்கின்றன. கணிப்பொறி பிறந்த மண்ணுக்குப் பக்கத்திலேயே, கணிப்பொறி மாறுகின்றது என்றால் நெஞ்சம் பதறும் மனிதர்களும் வாழ்கின்றார்கள். இதிலே நகைக்கத்தக்கது ஒன்றுமில்லை. கருவி புதிது, அதைத் தொடும் மனமோ மிகப் பழையது.

அத்தகைய தொழிற்கூடம் ஒன்றை மனக்கண்ணால் நோக்குவோம். சனிக்கிழமை மாலைவரை பழைய முறையில் பில் போடவேண்டும். திங்கட்கிழமை காலையில் புதிய முறை ஓடவேண்டும். இடையே உள்ளது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் சரக்கிருப்பு, வாடிக்கையாளர் தரவேண்டிய பாக்கி, நாம் பிறருக்குத் தரவேண்டிய தொகை, வரிக் கணக்கு ஆகிய அனைத்தும் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குக் குடிபெயரவேண்டும். பழைய பேரேட்டிலே ஒரே இரும்புக் கம்பி மூன்று பெயர்களில் இருக்கும். ஒரு பெயர் மில்லிமீட்டரில், ஒரு பெயர் அங்குலத்தில், ஒரு பெயர் முன்னாளில் வேலை பார்த்த குமாஸ்தா இட்ட செல்லப் பெயர். வாங்கும்போது கிலோக் கணக்கு. பட்டறைக்கு வழங்கும்போது துண்டுக் கணக்கு. மனிதன் இவற்றை நினைவினாலே சமாளித்துவந்தான். இயந்திரத்துக்கு அந்த நினைவு இல்லை. ஆகவே பல்லாண்டுகளாக மூடிவைத்த குழப்பமெல்லாம் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையிலே வெளிப்பட்டு நிற்கின்றது.

அப்பொழுது ஒவ்வொருவரையும் ஒவ்வோர் அச்சம் பிடிக்கின்றது. முதலாளிக்குப் பணம் முடங்கும் என்ற அச்சம். இருபது ஆண்டு கணக்கெழுதிய முதியவருக்கு, நேற்றுவரை ஆசானாக இருந்த நான் இன்று மாணவனாக வேண்டுமோ என்ற அச்சம். மென்பொருளை நிறுவ வந்த இளைஞனுக்குப் பழியெல்லாம் தன் தலையில் விழுமோ என்ற அச்சம். வாயிலிலே லாரியை நிறுத்திக்கொண்டு பில்லுக்காகக் காத்திருக்கும் ஓட்டுநருக்கு அன்றைய கூலி போய்விடுமோ என்ற அச்சம். முதியவரின் அச்சத்தை மட்டும் சற்றே கூர்ந்து நோக்குங்கள். அவர் அஞ்சுவது இயந்திரத்தைக் கண்டன்று. 'நான் அறிந்தவன்' என்ற எண்ணம் உடையக் கண்டு அஞ்சுகின்றார். நிலையாத அறிவை 'நான்' என்று பற்றிக்கொண்டதனால் எழும் துக்கம் அது. அநித்தியம் என்று நாம் பௌர்ணமிதோறும் ஓதுகின்றோமே, அது இப்படித்தான் திங்கட்கிழமை காலையில் வந்து கதவைத் தட்டுகின்றது.

அம்பு தைத்த மனிதனை உவமையாகக் காட்டினார் ததாகதர். ஓர் அம்பு உடலில் தைக்கின்றது. அறிவிலான் அதை நினைந்து நினைந்து புலம்பி, இரண்டாவது அம்பொன்றைத் தன் மனத்திலே தானே ஏற்றுக்கொள்கின்றான். மாற்றத்தினால் வரும் கூடுதல் வேலையும் சில பிழைகளும் முதல் அம்பு. அவை ஓரளவு தவிர்க்க முடியாதவை. ஒருவர்மேல் ஒருவர் சீறுதல், உறக்கம் இழத்தல், பிழையை மறைத்தல், பழியை எளியவன்மேல் தள்ளுதல் ஆகியவை இரண்டாவது அம்பு. முதல் அம்பைச் சிறிதாக்குவது எவ்வாறு, இரண்டாவது அம்பை எய்யாதிருப்பது எவ்வாறு என்ற இரு கேள்விக்கும் ஒரே உபதேசத்தில் விடை உண்டு.

இராசகிருகத்தின் அருகே அம்பலட்டிகை என்னும் இடத்தில் பகவன் தம் மகன் இராகுலனுக்கு அருளிய உபதேசம் அது. அசோகப் பேரரசர் இராசஸ்தானத்துப் பைராட்டிலே பொறித்த கல்வெட்டில், பிக்குகளும் பிக்குணிகளும் உபாசக உபாசிகையரும் இடைவிடாது கேட்டுச் சிந்திக்கவேண்டிய ஏழு நூற்பகுதிகளைக் குறிப்பிடுகின்றார். பொய்ம்மை குறித்து இராகுலனுக்குச் சொன்ன அறிவுரையும் அவ்வேழில் ஒன்று. ஆகவே நம்மைப் போன்ற இல்லறத்தாருக்கும் உரியது அது என்பதில் ஐயமில்லை.

அவ்வுபதேசத்துக்கு இரு பகுதிகள் உண்டு. முதற்பகுதி நீர்ப் பாத்திரம். கால் கழுவிய பின் பாத்திரத்தில் சிறிது நீரை மிச்சம் வைத்துக் காட்டினார் பகவன். அறிந்தே பொய் சொல்ல நாணாதவனின் துறவும் இவ்வளவு சிறிதே என்றார். பின்னர் அந்நீரையும் கொட்டினார், பாத்திரத்தைக் கவிழ்த்தார், வெறுமையைக் காட்டினார். விளையாட்டுக்கும் பொய் கூறாதே என்று முடித்தார்.

இதை நம் தொழிற்கூடத்துக்குக் கொண்டுவாருங்கள். நாள் நெருங்குகின்றது. 'எல்லாம் தயாரா?' என்று மேலாளர் கேட்கின்றார். சரக்குப் பட்டியலில் பாதி இன்னும் சரிபார்க்கப்படவில்லை என்பது சேமிப்பறைக்காரருக்குத் தெரியும். ஆயினும் அனைவர் முன்னும் 'தயார்' என்கின்றார். அவர் கொடியவர் அல்லர்; அஞ்சியவர். மேலாளர் அதையே முதலாளியிடம் 'முற்றும் தயார்' என்று இன்னும் சற்று மெருகேற்றிக் கூறுகின்றார். இப்படி ஒவ்வொரு படியிலும் பாத்திரத்து நீர் குறைந்துகொண்டே வந்து, இறுதியில் பாத்திரம் கவிழ்கின்றது. நான்காவது சீலம் உடைவது பெரும்பாலும் வஞ்சகத்தினால் அன்று, இத்தகைய அச்சத்தினாலேயே. ஆகவே குற்றம் பொய் சொன்னவனோடு நிற்பதில்லை. உண்மை சொன்னவனைச் சீறி விழுந்து, இனி எவனும் உண்மை சொல்லாதபடி செய்த தலைவனையும் அது சேரும். 'இன்னும் தயாராகவில்லை ஐயா' என்று ஓர் எளிய ஊழியன் நடுங்காமல் சொல்லக்கூடிய இடமே நல்ல தொழிற்கூடம்.

இரண்டாவது பகுதி கண்ணாடி. கண்ணாடி எதற்கு என்று பகவன் வினவ, பார்ப்பதற்கு என்றான் இராகுலன். அதுபோலவே ஒரு செயலைச் செய்யுமுன் ஆராய்ந்து பார், செய்யும்போதும் பார், செய்த பின்னும் பார், தனக்கோ பிறருக்கோ தீங்கு தருமாயின் நிறுத்து, ஒப்புக்கொள், திருந்து என்று அருளினார். முக்காலமும் கண்ணாடி வேண்டும்.

முதலில், செய்யுமுன். ஆற்றைக் கடக்கத் தெப்பம் கட்டியவன், கரை ஏறிய பின் அதைத் தலைமேல் சுமந்து திரியலாகாது என்று பகவன் சொன்ன உவமையை அறிவீர்கள். பழைய முறையைப் பற்றிக்கொண்டு அழுவோருக்கு அது நல்ல மருந்து. ஆனால் அவ்வுவமைக்கு மறுபக்கமும் உண்டு: கரை சேருமுன் நட்டாற்றிலே தெப்பத்தைக் கழற்றிவிடுவதும் அறிவன்று. புதிய கணக்குச் சரியென்று தெளியும்வரை பழைய கணக்கையும் சிலகாலம் உடன் எழுதி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது தொழிலறிந்தோர் வழக்கம். இரட்டை வேலை என்று பலர் இதை வெறுப்பர். இரட்டை வேலை ஒரு மாதத்தோடு முடியும். ஒப்பிடாமல் விட்ட பிழை ஆண்டுக்கணக்கில் துரத்தும்.

அரசாங்கமே இப்பாடத்தைக் கற்றது. 2017 ஜூலை 1-ல் சரக்கு சேவை வரி நாடெங்கும் வந்தது. அதன் பின் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை ஏற்றிச் செல்ல இ-வே பில் என்னும் மின்வழிச் சீட்டு வேண்டும் என்ற விதி, 2018 பிப்ரவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. அன்றே கணிப்பொறித் தளம் திணறிற்று; சீட்டு எடுக்க முடியாமல் வணிகர் தவித்தனர்; அன்றே விதி ஒத்திவைக்கப்பட்டது. பின்னர் ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்குக்கு அது மீண்டும் வந்தது. உள்மாநிலச் சரக்குக்கோ ஒரே நாளில் எங்கும் புகுத்தாமல், ஏப்ரல் 15-ல் தெலங்கானா உள்ளிட்ட ஐந்து மாநிலங்கள், பின்னர் வேறு சில மாநிலங்கள் என்று படிப்படியாக விரிந்தது. மின்பட்டியல் முறை வந்தபோது படிகள் இன்னும் தெளிவாக அமைந்தன. 2020 அக்டோபரில் ஐந்நூறு கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் செய்வோருக்கு மட்டும். 2021-ல் நூறு கோடி, ஐம்பது கோடி. 2022-ல் இருபது கோடி, பத்துக் கோடி. 2023 ஆகஸ்டில் ஐந்து கோடி என்று அது இறங்கி வந்தது. பிப்ரவரியில் தடுக்கி விழுந்த கால், அடி பார்த்து வைக்கக் கற்றுக்கொண்டது.

நம் சமூகத்துக்கு இதைவிட நெருங்கிய சான்று ஒன்று உண்டு. பாபாசாகேப் அம்பேத்கர் தாம் பிறந்த மதத்தில் இறக்கப்போவதில்லை என்று இயோலாவில் அறிவித்தது 1935 அக்டோபர் 13. நாகபுரியில் தீட்சை ஏற்றது 1956 அக்டோபர் 14. இடைப்பட்டவை இருபத்தொரு ஆண்டுகள். அவ்வளவு காலமும் கற்றார், ஒப்பிட்டார், வாதித்தார், மக்களைப் பக்குவப்படுத்தினார். இலட்சக்கணக்கானோர் ஒரே நாளில் மாறினர் என்பதை உலகம் வியக்கின்றது. அந்த ஒரு நாளுக்குப் பின்னே இருந்த இருபத்தொரு ஆண்டுகளையே நாம் வியக்கவேண்டும். மாற்றம் ஒரு நாளில் நிகழலாம். ஆயத்தம் ஒரு நாளில் நிகழாது.

அடுத்து, செய்யும்போது. சோணர் என்னும் பிக்கு கால் புண்ணாகிக் குருதி வழியும் அளவுக்கு நடந்து நடந்து முயன்றும் பயன் காணாமல் மனம் சோர்ந்தார். வீணையின் நரம்பை மிக முறுக்கினாலும் இசை எழாது, மிகத் தளர்த்தினாலும் எழாது என்று பகவன் அவருக்கு உணர்த்தினார். மாற்றத்தின் நாட்களிலே ஊழியரை இரவு பகல் உறங்கவிடாமல் உட்காரவைப்பதைச் சிலர் வீரமாகக் கருதுகின்றனர். மூன்றாம் இரவில் உறங்காத கண் ஒரு பூச்சியத்தைக் கூடுதலாக இடும். அதைத் தேட மூன்று நாள் செல்லும். முறை வைத்து வேலை செய்யுங்கள், வேளைக்கு உண்ணுங்கள். ஒரு நாழிகைக்கொருமுறை கண்ணை மூடி மூச்சை மட்டும் கவனியுங்கள். அதுவும் வேலையின் பகுதியே.

செய்யும்போது நோக்கவேண்டிய மற்றொன்று, நிறுத்தும் துணிவு. குற்றம் கண்டால் விட்டுவிடு என்றாரன்றோ? நாள் குறித்துவிட்டோம், அழைப்பு அனுப்பிவிட்டோம், இனிப்பும் வாங்கிவிட்டோம் என்பதற்காகத் தீமை பயக்கும் செயலைத் தொடரலாகாது. எந்த நிலையில் நிறுத்துவது, யார் நிறுத்துவது, பழைய முறைக்கு எவ்வாறு திரும்புவது என்பதை முன்னரே எழுதி வைக்கவேண்டும். பதற்றத்திலே முடிவெடுக்கும் மனம் மானத்தையே கணக்கில் கொள்ளும். முன்கூட்டி எழுதிய தாளுக்கு மானமில்லை.

ஐதராபாத்தில் இருப்போர் உசேன் சாகர் ஏரியின் நடுவே நிற்கும் பகவனின் சிலையைத் தரிசித்திருப்பீர்கள். ஒரே கல்லாலானது, ஐம்பத்தெட்டு அடி உயரம், முந்நூறு டன்னுக்கு மேற்பட்ட எடை, கணபதி ஸ்தபதியின் தலைமையில் சிற்பியர் செதுக்கியது. 1990 மார்ச் 10-ல் அதை மிதவையில் ஏற்றி ஏரிக்குள் கொண்டு சென்றபோது மிதவை சாய்ந்தது. சிலை நீரில் மூழ்கியது. உடன் சென்ற தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீரடியில் கிடந்த சிலை மீட்கப்பட்டு, 1992 டிசம்பர் 1-ல் பீடத்தில் நிறுத்தப்பட்டது. சிலை எழுந்தது, மூழ்கிய மனிதர் எழவில்லை. அங்கே சென்று வணங்குவோர் இதையும் நினைத்து வணங்குங்கள். பொருளை மீட்கலாம், உயிரை மீட்கலாகாது.

இனி, செய்த பின். இதுவே மிக முக்கியமானது. பிழை வெளிப்பட்டவுடன் மனித மனம் முதலில் தேடுவது காரணத்தை அன்று, குற்றவாளியை. இங்கிலாந்து தபால் நிறுவனத்தில் 1999 முதல் 'ஹொரைசன்' என்னும் கணிப்பொறிக் கணக்கு முறை புகுத்தப்பட்டது. கணக்கிலே பணம் குறைவதாக அது காட்டியபோது, கிளை நடத்திய எளிய மனிதர்களைத் திருடர் என்றார்கள். பல ஆண்டுகளில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். சிறை சென்றோர் உண்டு. வீட்டை விற்றோர் உண்டு. மானம் இழந்து மடிந்தோரும் உண்டு. அம்முறையிலே பிழைகள் இருந்தன என்று உயர் நீதிமன்றம் கூறியது 2019 டிசம்பரில். அத்தகைய தண்டனைகளைச் சட்டம் இயற்றி நீக்கியது 2024 மே மாதத்தில். இயந்திரம் பொய் சொல்லாது, ஏழை சொல்வான் என்ற மூடநம்பிக்கை ஒரு தலைமுறையை அழித்தது. பிறப்பைக் காட்டி நம் முன்னோரை முதலில் குற்றவாளியாக்கி, பிறகே விசாரித்த ஊர்களை நாம் அறிவோம். ஆகவே இந்த அநீதியை மற்றெவரினும் விரைவில் அடையாளம் காணவேண்டியவர்கள் நாமே. சாஸ்திரம் சொல்லிற்று என்பதாலும் ஆசான் சொன்னார் என்பதாலும் மட்டும் நம்பாதீர் என்று காலாமருக்குச் சொன்னவரின் மாணவர்கள், கணிப்பொறி சொல்லிற்று என்பதால் மட்டும் ஒரு மனிதனைப் பழிக்கலாமோ?

நம் ஊரிலேயே நிகழ்ந்ததை மறக்கலாகாது. 2019 ஏப்ரல் 18-ல் தெலங்கானா இடைநிலைத் தேர்வு முடிவுகள் வெளிவந்தன. எழுதியோர் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்டவர். மதிப்பெண்களைத் தொகுக்கும் பணி அவ்வாண்டு ஒரு புதிய ஏற்பாட்டின்கீழ் நடந்தது. முடிவுகளிலே பிழைகள் இருப்பதாகப் பெற்றோர் தெருவில் இறங்கி முறையிட்டனர். அரசு மூவர் குழுவை அமைத்தது. தேறாதோர் அனைவரின் விடைத்தாள்களையும் மீண்டும் பார்க்க ஆணையிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தேறியவராயினர். அதற்குள், அந்தச் சில நாட்களிலே, இருபதுக்கும் மேற்பட்ட இளம் உயிர்கள் மாய்ந்தன. எந்த உயிர் எக்காரணத்தால் பிரிந்தது என்று தீர்ப்புக் கூற நாம் நீதிபதிகள் அல்லோம். ஆயினும் ஒன்று தெளிவு: திரையில் தோன்றும் ஓர் எண்ணுக்குப் பின்னே ஒரு மனிதன் இருக்கின்றான். அவ்வெண்ணை வெளியிடுவோன் ஒருமுறை கூடுதலாகச் சரிபார்ப்பது கருணையின் ஒரு வடிவம். அந்த எண்ணே தன் வாழ்வன்று என்று பிள்ளைக்குக் கற்பிப்பது தம்மத்தின் கடமை.

உபாசகர்களே, இவ்வளவும் கேட்டபின் செய்யத்தக்கவற்றைச் சுருக்கிச் சொல்கின்றேன். நீங்கள் முதலாளியாயின், 'தயாரில்லை' என்னும் சொல்லைக் கேட்டவுடன் சினவாதீர். அச்சொல் உங்கள் தொழிலைக் காக்க வந்த தூதன். நீங்கள் முதிய ஊழியராயின், இளையவனிடம் கற்க நாணாதீர். உங்கள் நினைவிலுள்ளதை அவனுக்கு எழுதிக் கொடுங்கள், அது தானங்களுள் சிறந்த தானம். நீங்கள் இளைஞராயின், முதியவரின் மெல்ல நகரும் விரலைக் கண்டு நகையாதீர். அவருடைய பேரேடு இல்லாவிடில் உங்கள் மென்பொருளில் ஏற்றுவதற்கு ஒன்றுமில்லை. பிழை கண்டபோது 'யார் செய்தது?' என்ற கேள்வியை ஒரு நாள் தள்ளிவைத்து, 'எதனால் நேர்ந்தது?' என்ற கேள்வியை முன்வையுங்கள். இது இருப்பதால் அது இருக்கின்றது என்னும் சார்பிற்றோற்றத்தை ஆராய அதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் கிடையாது.

துன்பம் தாங்கும் அளவைக் கடந்தால் எவரும் தனியே சுமக்கவேண்டாம். வீட்டாரிடம் சொல்லுங்கள், சங்கத்தாரிடம் வாருங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம். உதவி கேட்பது தாழ்வன்று. சரணம் என்ற சொல்லை நாள்தோறும் சொல்லும் நமக்கு அதை விளக்கவும் வேண்டுமோ?

நம் முன்னோர் புதிய கருவியைக் கண்டு அஞ்சியவர் அல்லர். 1898-ல் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட பண்டித அயோத்திதாசர், 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, அச்சு இயந்திரத்தையே அறத்தின் வாயாக்கினார். கருவியை ஆண்டார், கருவிக்கு அடிமையாகவில்லை. நாமும் நம் காலத்துக் கருவியை அவ்வாறே ஆளக் கற்போமாக. செய்யுமுன் நோக்கி, செய்யும்போது நோக்கி, செய்த பின் நோக்கி, பொய்யின்றி உரைத்து, எளியவன்மேல் பழி சுமத்தாது வாழ்வோமாக.

எல்லா உயிர்களும் அச்சம் நீங்கி நலமுறுக!

சாது! சாது! சாது!